கீற்றின் கோடா, போர்ட்காரரின் கோடா?

கேள்வி: வாசகி ஒருவர், ரொறன்ரோவிலிருந்து. 2024 மே 11

உங்கள் பழைய படங்கள் சிலவற்றை ஒரு கண்காட்சிக் கையேட்டில் பார்த்தேன். எல்லாவற்றிலும் உருவங்களைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. 1943இல் கொழும்பில் கூடிய '43 குழு ஓவியர்களின், அதிலும் ஜோர்ஜ் கீற்றின் பாதிப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு அந்த வயதில் கீற்றை எப்படிப் பிடித்தீர்கள்? உங்கள் நடையைத் தீர்மானித்த ஆரம்பகாலப் படம் என்று எதைச் சொல்வீர்கள்?

மே 11, இரவு

பிடிக்கவில்லை. கீற்றின் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். அவருடைய கைவேலையை முதன்முதலில் பார்த்தது கொழும்பில், பொரளை கோதமி விகாரைச் சுவரில். அதற்குள் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தாயிற்று. 1939-40இல் வரைந்த சுவர்கள். பார்த்துவிட்டு வாயடைத்துப்போய் நின்றேன், அது உண்மை. ஆனால் என் கோட்டுக்கு அப்பன் அவரில்லை. என் சொந்த அப்பாதான்.

அப்பா போர்ட் எழுதுகிறவர். கடைப் பெயர்ப்பலகை, பஸ்ஸின் நெற்றி, வள்ளத்தின் இலக்கம், திருவிழா வந்தால் கோயில் வாகனத்துக்கு வர்ணம். மிச்சம் நாளைக்கு.

மே 12, காலை

இனாமல் பெயின்ற் தொட்டவர்களுக்குத் தெரியும், அது குழையாது. எண்ணெய் வர்ணம் என்றால் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் வைத்து, ஈரத்தோடு ஈரமாய் இழுத்து, ஒன்றில் ஒன்றைக் கரைய விடலாம். இனாமலில் அது நடக்காது. மேலே காய்ந்திருக்கும், அடியில் பச்சையாகவே கிடக்கும். அவசரப்பட்டு இரண்டாம் தரம் பிறஸ் வைத்தால் ஆறின பாலில் ஆடை சுருங்குவது மாதிரிச் சுருங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஒரு நிறத்தை அடித்துவிட்டுக் காய விடவேண்டும், பக்கத்து நிறம் மறுநாள்தான்.

சிக்கல் இரண்டும் சந்திக்கிற இடத்தில். என்னதான் பார்த்துப் பார்த்து அடித்தாலும் ஒன்றில் நடுவில் தகரம் தெரியும், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மேடு கட்டும். அந்த மூட்டுப் பார்க்கச் சகிக்காது. அப்பாவின் வைத்தியம் ஒன்றே ஒன்று: எல்லாம் காய்ந்த பிறகு மூட்டின் மேல் கறுப்பில் ஒரு கோடு. "மூட்டு மூடியாச்சா?" என்றுதான் கேட்பார். கோடு போட்டாயா என்று கேட்டதில்லை.

கவனியுங்கள், கோடு கடைசியில் வருகிறது. கீற்றின் சுவரில் கோடுதான் எசமான். ஒரு தோளில் தொடங்கி இடுப்பைச் சுற்றி அடுத்த பெண்ணின் கைக்குப் போய்விடும், நிறம் அதற்குப் பின்னால் ஓடுகிறது. என்னுடையதில் நிறம் முதலே வந்து குந்திவிட்டது. கோடு பிறகு வந்து ஒப்பேற்றுகிறது. அச்சில், அதுவும் ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம்.

கையேட்டில் 'பாதை' என்ற படம் இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் நிற்கிற கிழவரின் வலது தோளில் கோடு தோளை விட்டுக் கொஞ்சம் வெளியே போயிருக்கும். கை நடுங்கியதால் வந்ததல்ல. அவருடைய சால்வைச் சிவப்பும் தண்ணீரின் மண்ணிறமும் சந்தித்த மூட்டு அங்கே அப்படி வளைந்துவிட்டது. கோடு மூட்டோடு போனது, தோளோடு போகவில்லை. இப்போது எண்ணெய் வர்ணத்தில் வரைகிறேன், மூடுவதற்கு மூட்டே கிடையாது. ஆனாலும் தோளை வரைந்து முடித்ததும் கை தானாகவே கொஞ்சம் வெளியே போகிறது.

மே 12, பின்னேரம்

'பாதை' எங்கே வரைந்தது என்று கேட்டவருக்கு: கிண்ணியாப் பாதை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கிற மிதவை. 2009 ஒக்ரோபரில் பாலம் திறந்த பிறகு அதற்கு வேலையில்லை. 396 மீற்றர், இலங்கையின் மிக நீளமான பாலம் என்று அப்போது எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அக்கரையில் அப்பாவுக்குக் கடைப் போர்ட் வேலை நிறையக் கிடைக்கும். பெயின்ற் ரின்களைத் தூக்க நான் கூடப் போவேன். பாதை நகர்வதே தெரியாது. கரைதான் நம்மை விட்டுப் போகும்.

படம் வரைந்தது பிஸ்கற் ரின்னை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரத்தில். நாலு மூலையிலும் ஆணித் துளை. ஓரத்தில் உற்றுப் பார்த்தால் ரின்னில் அச்சடித்திருந்த பூ வேலைப்பாடு மண்ணிறத்துக்குள்ளால் எட்டிப் பார்க்கும். கையேடு அச்சடித்தவர்கள் அதைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டார்கள்.

பெயின்ற் அப்பாவின் மிச்சம். தின்னர் வாங்கக் காசு தரமாட்டார், எனக்கு மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய் கலந்தால் காய நாளெடுக்கும், மினுக்கமும் செத்துவிடும். அந்த மங்கலை அப்பா வெறுத்தார். "செத்த பெயின்ற்" என்பார். எனக்கோ அதற்குப் பிறகு பளபளக்கிற படத்தைக் கண்டாலே கண் கூசும். இப்போதும் வார்னிஷ் போடுவதில்லை. வாங்குகிறவர்கள் குறைப்படுகிறார்கள்.

மே 14

ஒரு தம்பி உட்கார்ந்து என் படங்களில் நிழல் விழுகிற பக்கத்தை எல்லாம் பார்த்திருக்கிறார். காலை மீன் சந்தை, மத்தியான வயல், அந்தி நேரக் கடற்கரை, எல்லாவற்றிலும் நிழல் இடது பக்கம் கீழேதான் விழுகிறதாம். "உங்கள் ஊரில் சூரியன் நகராதா?" என்று கேட்கிறார்.

நகரும். அப்பாவின் போர்டில் நகராது. எழுத்தைத் தூக்கிக் காட்ட நிழல் கொடுப்பார்கள் தெரியுமா, எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கனம். அப்பா அதை எப்போதும் இடப்பக்கம் கீழே கொடுப்பார். சிங்களம், தமிழ், இங்கிலீஷ், மூன்று மொழியும் ஒரே போர்டில் வரும்போது மூன்றுக்கும் நிழல் ஒரே பக்கம் விழவேண்டும், இல்லாவிட்டால் வரிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். எழுத்து அவருடையது, நிழல் நிரப்புவது என்னுடைய வேலை. கை ஊன்ற நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு தடி தருவார். அதில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு 'ண'வின் வயிறுகளுக்குக் கீழே சாம்பல் நிரப்பி நிரப்பி என் கை அப்படிப் படிந்துவிட்டது. பிறகு மாட்டை வரைந்தாலும் மனிசரை வரைந்தாலும் அவர்களும் எழுத்துத்தான்.

நிரப்பி முடித்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கச் சொல்வார். "பஸ்ஸில போறவனுக்குத் தெரியுதோ?" கொப்பி அளவுப் படம் வரைந்தாலும் எழும்பிப் பின்னால் போய் நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. வீட்டில் பின்னால் போனால் குசினிக் கதவு இடிக்கிறது.

மே 19

'குன்றில் முட்டிகள்' வரிசையைப் பற்றிப் பலர் கேட்டாயிற்று. முட்டி என்றால் எங்கள் ஊரில் மண்பானை. ஒரு விமர்சனத்தில் அவை கருப்பை என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் கும்பம், மங்கலம், தாய்வழிச் சமூகம். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. மறுத்து எழுதவில்லை, மறுத்தால் படம் விற்காது. இந்த இழையை விமர்சகர்கள் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். அவை எண்ணெய்க் குதங்கள், எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய தொட்டிகள்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கின்றனவே, பிரித்தானியர் கட்டிய இரும்புக் குதங்கள், அவைதான். மொத்தம் 99 என்று கணக்கு. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். அம்மம்மாவுக்கு அந்தக் குதங்கள் என்றாலே 1942தான். ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. அதில் ஒரு விமானம் குதமொன்றின் மேலேயே விழுந்து, தீ நாட்கணக்கில் எரிந்தது. அம்மம்மா தீயைப் பற்றிச் சொல்லமாட்டா. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சீலை கரி படிந்து கறுத்துப் போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. திருப்பித் தோய்த்தும் போகவில்லையாம்.

எண்பதுகளின் கடைசி. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு கொப்பியும் பென்சிலுமாகக் குந்தியிருக்க முடியாத காலம், குந்தியிருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் வந்து வரைவேன். குதங்களை அப்படித்தான் வரைந்தேன், வட்ட வட்டமாய், மரங்களுக்கு நடுவே. ஒருநாள் கொப்பி பையில் இருக்கும்போது ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கொப்பியை எடுத்தவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மீன், அம்மா, மீன், பூவரசமரம். குதங்கள் வந்ததும் நிறுத்தினார்.

"இது என்ன?"

"முட்டி."

"இவ்வளவு முட்டியா?"

"பொங்கலுக்கு."

பொங்கல் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டார். கொப்பியைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு குதத்துக்கும் ஒரு கழுத்தும் வாயும் போட்டேன். இன்னொருவர் கொப்பியைப் புரட்டினாலும் பொய் பொய்யாகத் தெரியக்கூடாது. போட்டுவிட்டுப் பார்த்தால் படம் மாறிவிட்டது. மரங்களைவிடப் பெரிய முட்டிகள், வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு குன்றெல்லாம். அதுவரை நான் கண்டதை மட்டும் வரைகிற பிள்ளை. காணாத ஒன்றைப் படத்துக்குள் வைத்தது அன்றைக்குத்தான், அதுவும் பயத்தில். அந்தக் கொப்பி 1990இல் போய்விட்டது. படத்தைத் திரும்ப நினைவிலிருந்து பெரிதாக வரைந்தது பல வருடங்கள் கழித்து. நினைவின் நினைவு என்று சொல்லலாம்.

மே 20

முட்டி ஒன்று என்ன விலை என்று கேட்ட அண்ணைக்கு: பத்தாயிரம் தொன் நெல்லைக் கொண்டுவந்து இறக்குங்கள், பேசலாம்.

மே 26

ஒரு கிழமையாக ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருக்கிறது. மே 12இல் கோட்டைப் பற்றி எழுதியதை வாசித்தால் நான் ஆரம்பத்திலிருந்தே தடித்த கோட்டுக்காரி என்று தோன்றும். நடந்தது அதைவிடச் சிக்கல்.

நான் அப்போது இரண்டு விதமாக வரைந்தேன். தகரத்தில் இனாமல் ஒரு விதம். மற்றது கடதாசியில், பள்ளிக்கூடத்து நீர்வர்ணப் பெட்டியில். கடதாசியில் வரைந்ததுதான் கூட. அவற்றில் கோடே கிடையாது. தம்பலகாமத்து வயலில் விடியப்புற மூடுபனி, கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றி ஈரச் சீலையோடு நிற்கிற பெண்கள், எல்லாம் தண்ணீரில் கரைகிற மாதிரி இருக்கும். எங்கள் சித்திர ரீச்சருக்கு அவைதான் பிடிக்கும். தகரத்தைக் காட்டினால், "இது அப்பாவின்ர தொழில், அது உன்ர கலை" என்பா. நானும் அப்படியே நம்பியிருந்தேன். தகரம் விளையாட்டு.

1990 ஜூனில் வீட்டை விட்டு ஓடினோம். உடுத்த உடுப்பு, அடையாள அட்டை, அம்மாவின் தாலிக்கொடி. படத்தை யார் தூக்குவார்? திரும்பி வந்தபோது வீட்டில் கூரை பாதிதான் இருந்தது. கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை. மழையா, கறையானா, அடுப்புப் பற்றவைக்க எடுத்தார்களா தெரியாது. தகரங்கள் மட்டும் கிடந்தன. இரண்டு கோழிக்கூட்டின் மேல், ஒன்று குசினிக் கூரையின் ஓட்டையை அடைத்துக்கொண்டு. இடையில் அந்த வீட்டில் ஒதுங்கியிருந்த யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள். வர்ணப் பக்கத்தை உள்ளே வைத்து அடித்திருந்ததால் வெயில் படவில்லை. 'பாதை' குசினிக் கூரையில் இருந்ததுதான். அடுப்புப் புகை ஏறி அதன் வானம் பழுத்துப்போயிருந்தது. நான் வரைந்த வானம் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

திரும்ப வரையத் தொடங்கியபோது பார்த்துப் பிடிக்க என்னிடம் அந்தத் தகரங்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றை வைத்துத்தான் நான் யார் என்று கண்டுபிடித்தேன். கடதாசிகள் மிஞ்சித் தகரங்கள் துருப்பிடித்துப் போயிருந்தால் இந்த இழையின் முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். 'உங்கள் மூடுபனியில் இன்னாரின் பாதிப்புத் தெரிகிறதே' என்று. ஆகவே எது என் நடையைத் தீர்மானித்தது என்று கேட்டால் இப்போதைக்கு என் பதில்: கூரையில் ஓட்டை இருந்தது.

மே 27

"அப்படியானால் கோடில்லாமல் வரைந்து பாருங்களேன்" என்று இரண்டு பேர். வரைந்தேன், கொஞ்சக் காலம் முன்பு, ஒரு வரிசையே. நன்றாக இருந்தது என்றார்கள். என் கண்ணுக்கு, நன்றாகத் தெரிந்த ஒருவரின் வீட்டில் அவர் இல்லாத நேரம் போய்க் குந்தியிருக்கிற மாதிரி. அடுக்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 2

நீலம். யாராவது கேட்பார்கள் என்று தெரியும். திருகோணமலைக்காரியின் கடலில் நீலம் ஏன் இல்லை?

முதல் காரணம் கேவலமானது. அப்பாவிடம் மிஞ்சுகிற ரின்களில் நீலம் இருக்காது. வள்ளக்காரருக்கு நீலம்தான் வேண்டும், ரின்னைச் சுரண்டி அடித்துவிட்டுத்தான் தருவார்கள். எனக்குக் கிடைத்தது காவி, கடும் பச்சை, கறுப்பு, எப்போதாவது மஞ்சள்.

ஆனால் அதைச் சாட்டு என்று மட்டும் நினைக்கவேண்டாம். கொட்டியாரக்குடாவை மார்கழியில் பார்த்திருக்கிறீர்களா? மகாவலி கலக்கிற இடம். மலைநாட்டு மண் முழுவதையும் கொண்டுவந்து கொட்டும். வாடைக்காற்று கிளப்பிவிட்டால் கரையிலிருந்து பார்க்கத் தேத்தண்ணி நிறம். நான் வரைந்த கடல் அதுதான். நீலம் வேண்டுமானால் நிலாவெளிக்குப் போங்கள், ஹோட்டல்காரர்கள் நன்றாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் படங்களில் அடிவானம் சட்டத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், வானம் ஒரு விரல் அகலம். சிறுவயதில் கடலை நின்று நிதானமாகப் பார்க்க யாரும் தடுக்காத ஒரே இடம் கோணேசர் கோயில். கோட்டைக்குள்ளால் மான்களைத் தாண்டிச் சுவாமி மலைக்கு ஏறி இராவணன் வெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால் நூறு மீற்றருக்கு மேல் கீழே தண்ணீர். அங்கே கடல் முன்னால் இருப்பதில்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. அண்ணாந்தால்தான் வானம். அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பா.

ஜூன் 2, இரவு

நீலத்தை எழுதும்போது வெள்ளை ஞாபகம் வந்தது. புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறதே, இல்மனைற், அதிலிருந்துதான் ரைற்றேனியம் வெள்ளை செய்கிறார்கள். கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, சூளையில் சுட்டால் வெள்ளைத் தூள். இங்கே அந்தத் தொழிற்சாலை கிடையாது. மணல் கப்பலேறிப் போகிறது, வெள்ளை வேறு நாட்டுப் பெயரோடு குழாயில் வருகிறது. கொழும்பில் அந்தக் குழாய்க்கு விலை கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்மோட்டைதான் ஞாபகம் வரும். ஒருமுறை மணலையே கறுப்பாக அரைத்து எண்ணெயில் குழைத்துப் பார்த்தேன். நல்ல கனமான கறுப்பு, ஆனால் கரகரவென்று பிறஸைத் தின்றுவிடுகிறது. மூட்டு மூட உதவாது.

ஜூன் 3

ரொறன்ரோத் தங்கச்சி விடுவதாக இல்லை. "'43 குழுவில் ஒருவர்கூட உங்களைத் தொடவில்லையா?" சரி, தொட்டார். ஆனால் பிந்தி.

1943இல் புகைப்படக்காரர் லயனல் வென்ட் வீட்டில் கூடிக் குழு அமைத்தவர்களில் வயதில் குறைந்தவர்களில் ஒருவர் ஐவன் பீரிஸ். ஐம்பதுகளில் இங்கிலாந்துக்குப் போய்க் கடைசிவரை அங்கேயே இருந்தார். 1988இல் காலமானார். போன இடத்தில் இருந்துகொண்டு திரும்பத் திரும்ப இலங்கைக் கடற்கரையையே வரைந்தார். மரம், நிற்கிற ஒரு ஆள், அசையாத தண்ணீர். குழுவினரின் படங்களைக் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் குழுவின் இன்னொரு ஓவியரான ஹரி பீரிஸின் பழைய வீட்டில், சபுமல் நிறுவகத்தில் பார்க்கலாம். நான் போனது கீற்றுக்காகத்தான். சரியாகச் சொன்னால் கீற்றைப் பார்த்துவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்வதற்காக. ஆனால் ஐவன் பீரிஸின் கரைக்கு முன்னால் வந்ததும் கால் நகரவில்லை. பார்க்க முடியாத கடலை மனதிலிருந்து எடுத்து வரைகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் அலை இருக்காது. அலையை ஞாபகம் வைத்திருக்க முடியாது. அவருக்குக் கடல் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி. எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. இருவருக்கும் அலை இல்லை.

இதைப் பாதிப்பு என்று எழுதுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள். படத்தை வரைந்து முடித்த பிறகு வந்த பாதிப்பு.

யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அங்கத்தைய ஓவியர் மாற்கு மாஸ்டரை ஏன் சொல்லவில்லை என்று கோபிக்கிறார். மரியாதைக் குறைவால் அல்ல. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், என் வயதுக்காரர் பலர் அவரிடம் கோடு பிடித்தவர்கள். அந்த நாளில் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சித்திரம் படிக்க ஒரு பொம்பிளைப் பிள்ளையை எங்கள் வீட்டில் அனுப்பியிருப்பார்களா என்பதுதான் கேள்வி. அப்பா அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கே அம்மா சண்டை பிடித்தா.

ஜூன் 9

'பாதை'யை அட்டைப்படமாகத் தரச் சொல்லி முன்பு ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. ஏன் என்று இங்கே கேட்கிறார்கள். 2021 நவம்பரில் கிண்ணியாவிலேயே, குறிஞ்சாக்கேணியில் இன்னொரு பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அவர் கேட்டது அதற்குச் சில கிழமைகள் கழித்து. அந்தப் படத்தில் பாதை நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள், வெள்ளைச் சட்டையோடு. 1987இல் பார்த்த பிள்ளைகள். யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். கையேட்டுக்கு இப்போது கொடுத்தேன், அதுவும் உள்பக்கத்துக்கு.

ஜூன் 10

இனாமலில் தொடங்கலாமா என்று கேட்ட பிள்ளைக்கு: தொடங்கு. தகரத்தை முதலில் மண்தாளால் தேய், றெட் ஒக்சைட் ஒரு பூச்சு அடி, முதுகுப் பக்கமும் அடி. எங்கள் உப்புக்காற்று முன்னால் வராது, முதுகால்தான் தின்னும். கச்சான் காற்றுக் காலத்தில் வெளியே வைத்துக் காயவிடாதே, மணல் ஒட்டும். ஜன்னலைத் திறந்து வை, தலையிடிக்கும். கோடு போடவேண்டும் என்று கட்டாயமில்லை. மூட்டு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடு.

ஜூன் 16

நிலாவெளிப் பக்கம் இருக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கள் பழைய கடைப் போர்ட் ஒன்று மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறது, உங்கள் அப்பாவின் கையாக இருக்குமோ என்று. தம்பி, படம் எடுத்து அனுப்புங்கள். முழுப் போர்ட் ஒன்று, எழுத்துக்குக் கிட்டப் போய் இன்னொன்று. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், நிழல் முதலில் போய்விடும். ஈரத்துணி போதும்.

ஜூன் 18

படம் வந்தது. அப்பா இல்லை. நிழல் வலது பக்கம் விழுகிறது. பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த இன்னொரு போர்ட்காரர் இப்படித்தான் கொடுப்பார். அவருக்குச் சூரியன் மேற்கில் உதிக்கிறது என்று அப்பா பகிடி பண்ணுவார். அவர் அப்பாவை என்ன சொன்னாரோ தெரியாது. ஆனாலும் தம்பி, அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். கிட்டப் போய் எடுத்த படத்தில் 'ழ'வின் வாலைப் பாருங்கள், பிறஸை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுழற்றியிருக்கிறார். அப்பாவுக்கு அது வராது, இரண்டு தரம் வைப்பார். கொட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் சாத்தி வையுங்கள், முதுகுக்கு றெட் ஒக்சைட் அடித்துவிட்டு.